புதன்கிழமை ராத்திரி

தொம்மலூரில் கில்பர்ட் வீட்டுக்கு ராத்திரியில் மூன்று சத்தங்கள் உண்டு. பத்து மணிக்குக் கீழே, வண்டி நிற்கும் இடத்தில், ‘டக்’ என்று ஒன்று. கில்பர்ட் ஓட்டும் மின்சார டாக்ஸிக்கு சார்ஜ் ஏறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இரண்டு மணிக்கு அதே இடத்திலிருந்து இன்னொரு ‘டக்’. வண்டி போதும் என்று நிறுத்திக்கொள்ள, மாடிப்படிக்கு அடியில் பீரோ மாதிரி நிற்கும் வீட்டு பேட்டரி தன் முறைக்குக் குடிக்க ஆரம்பிக்கும். மூன்றாவது சத்தம் நிற்பதே இல்லை. நடு அறையில் கிளாரன்ஸ் மாமாவின் ஆக்ஸிஜன் மெஷின் கொர்ரென்று இழுத்துப் புஸ்ஸென்று விட்டுக்கொண்டிருக்கும்.

முதல் இரண்டு சத்தங்களும் லீனாவுடையவை. கில்பர்ட்டின் மகள், பி.யு. என்கிற பதினோராம் வகுப்புப் படிக்கிற பதினாறு வயசுப் பெண். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை கரன்ட் மலிவு, சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை விலை ஏற்றம் என்று அவர்கள் வீட்டு மீட்டர் மாறியபோது, உள்ளங்கை அகல கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை வாங்கிவரச் சொல்லி, அதற்குள் ஒரு புரோகிராம் எழுதி வைத்தாள். வண்டியும் பேட்டரியும் ஒரே நேரத்தில் ஏறினால் பழைய வீட்டு லைன் தாங்காது. அதனால் முதலில் வண்டி, பிறகு பேட்டரி. ராத்திரி சேர்த்ததை வைத்து மறுநாள் சாயங்காலம் வீடு ஓடும். யாரும் எந்த சுவிட்சையும் தொட வேண்டாம். “நான் தூங்குறேன், என் பொண்ணோட புரோகிராம் முழிச்சிட்டிருக்கு சார்” என்று கில்பர்ட் ஏர்போர்ட் பயணிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பதினோரு நாட்களாகச் சொல்வதில்லை.

சனிக்கிழமை ராத்திரி, மாமாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன் என்று லீனாவே கேட்டு வாங்கினாள். அவள் அம்மா பெர்னதெத், மாமாவின் தங்கை, ஆஸ்பத்திரியில் ஆறு ராத்திரி, வீட்டில் ஐந்து ராத்திரி என்று கண்மூடாமல் இருந்து, இன்றைக்குத்தான் தலையணையில் முகம் பட்டதும் போய்விட்டாள். கில்பர்ட் மூன்றே முக்காலுக்கு எழுந்து ஏர்போர்ட் போக வேண்டும். மேல் மாடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

லீனா கீழே பாயில் படுத்து, போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு பேட்டரி எத்தனை சதவீதம் என்று பார்த்தாள். நாற்பது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தாள். நாற்பது.

இந்த நாற்பதுதான் விஷயம். நாற்பதை வைத்தவர் சீனு, ஸ்ரீராம்புரத்து எலக்ட்ரீஷியன். பேட்டரியை ஆறு மாதத்துக்கு முன் மாட்டியவர் அவர். மாட்டிய அன்றைக்கே மாமாவின் மெஷினைத் திருப்பி அடிப்பகுதியில் எழுதியிருந்த வாட்டைப் படித்து, சுவரில் பென்சிலால் பெருக்கிப் பார்த்து, “எது எப்படி ஓடினாலும் நாப்பது பர்சன்ட் இதுக்குள்ள கிடக்கணும் பாப்பா. கரன்ட் போச்சுன்னா பெரியவரு மெஷின் மட்டும் அஞ்சு மணி நேரம் ஓடும்” என்றார். மறக்கக்கூடாது என்று பேட்டரி மேல் கறுப்பு மார்க்கரில் எழுதியும் வைத்தார்: *40-க்குக் கீழே போகாது.*

நாற்பதை ஒதுக்கிவிட்டால் சாயங்காலம் எட்டரைக்கே பேட்டரி கையை விரித்துவிடும். மீதி ஒன்றரை மணி நேரம் விலை ஏறிய கரன்ட். போனில் இருக்கும் ஆப்பில் அந்த நாள் சிவப்பாக விழும். பேட்டரியிலேயே பத்து மணி வரை ஓட்டிவிட்டால் பச்சை. காலேஜ் சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு லீனா பெயர் கொடுத்திருந்தாள். முப்பது நாள் தொடர்ந்து பச்சை என்று ஒரு சார்ட் மாட்ட வேண்டும் என்று ஆசை. ஒரு நாள் சாயங்காலம் நாற்பதை அழித்துவிட்டுப் பத்து என்று போட்டாள். அன்றைக்குப் பச்சை விழுந்தது. மறுநாளும். பன்னிரண்டு நாள் பச்சை.

அந்தப் பன்னிரண்டாவது நாள் செவ்வாய். அதற்கு முந்தின நாள் மின்சார ஆபீசிலிருந்து போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருந்தது. கேபிள் வேலை, கரன்ட் இருக்காது என்று. வீட்டில் மெசேஜ் படிக்கிறவள் லீனாதான். சாப்பிடும்போது படித்துச் சொன்னாள்: “புதன்கிழமை ராத்திரி பன்னெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் கரன்ட் கட்.” புதன்கிழமை சாயங்காலம் பேட்டரியைத் தொடாதே, முழுசாக வைத்திரு என்று புரோகிராமில் ஒரு வரியும் சேர்த்துவிட்டாள்.

கரன்ட் செவ்வாய் ராத்திரி போனது.

பத்து சதவீதத்தில் பிரிட்ஜும் மூன்று ஃபேனும் மெஷினும் அரை மணி நேரம்கூட ஓடவில்லை. மெஷின் ஒரே நீளமாக விசில் அடித்தது. பெர்னதெத் எழுந்து ஓடி வந்தபோது மாமாவின் உதடு நாவற்பழம் தின்றவர் மாதிரி இருந்தது. கதவுக்குப் பின்னால் சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்தது. அதைத் திறக்கிற சாவி இல்லை. டார்ச் வெளிச்சத்தில் சாவியைத் தேடி எடுப்பதற்குள் எட்டு நிமிஷம். பிறகு ஆம்புலன்ஸ்.

விடிகாலையில், ஆஸ்பத்திரி காரிடாரில், ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே லீனா போனில் இரண்டு வேலை செய்தாள். பத்தை மறுபடி நாற்பதாக்கினாள். என்ன நடந்தது என்று போர்டு தானே எழுதி வைத்திருந்த அந்தப் பன்னிரண்டு நாள் பதிவை அழித்தாள்.

அதற்கு அப்புறம் எல்லாம் சீனு தலையில் விடிந்தது.

போன வாரம் வியாழக்கிழமை சீனு வந்து, ஹெல்மெட்டைப் படியில் வைத்துவிட்டு, பேட்டரியை ஒரு மணி நேரம் சோதித்தார். பழுதே இல்லை.

“அப்போ அன்னைக்கு ஏன்பா நின்னுச்சு?” என்றார் கில்பர்ட். “மேல நீதானே எழுதி வெச்சிருக்க, நாப்பதுக்குக் கீழ போகாதுன்னு? போச்சே. எங்க மச்சான் உயிரோட சேர்ந்து போகப் பாத்துச்சே.”

“சார், அது கேரன்டி இல்ல. அப்படி வெக்கணும்னு எழுதினது.”

“தமிழ் எனக்கும் படிக்கத் தெரியும்.”

சீனு போர்டை போனில் இணைத்து, பதிவைத் தேடினார். விரல் மேலும் கீழும் போயிற்று. “இந்த பன்னெண்டு நாளு மட்டும் காணோமே சார்.”

“உன் டப்பா அதையும் தின்னுடுச்சா?”

சீனு தலையைத் திருப்பி, படிக்கட்டில் நின்ற லீனாவைப் பார்த்தார். அவள் காலேஜ் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள், மூடினாள். சீனு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கோயிலை ஒட்டிய பெண்கள் ஹாஸ்டலுக்கும் இதே மாதிரி பேட்டரியும் தானாக ஏறுகிற ஏற்பாடும் செய்வதென்று கோயில் கமிட்டி சீனுவிடம் பேசி முடித்திருந்தது. கில்பர்ட்டும் கமிட்டியில் ஒருவர். போன ஞாயிற்றுக்கிழமை அவர்தான் எழுந்து ஒரு வாரம் தள்ளிப் போட வைத்தார். இந்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கூடுகிறார்கள். சீனுவையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பேட்டரி மேல் எழுதியிருந்ததை கில்பர்ட் போட்டோ எடுத்து வைத்திருந்தார். “எல்லார் முன்னாடியும் காட்டறேன். இனிமே இந்த ஊர்ல எவன் வீட்லயும் அவன் வயரைத் தொடக்கூடாது.”

சனிக்கிழமை சாயங்காலம் லீனா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். முழங்காலிட்டதும் வாயில் வந்தது, “அம்மாவை எதிர்த்துப் பேசினேன் ஃபாதர். ரெண்டு பொய் சொன்னேன்” என்பதுதான். பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார் ஃபாதர். சொன்னாள். அது நாலாவது பொய்யா ஐந்தாவதா என்று வீட்டுக்கு நடந்து வரும்போது எண்ணிப் பார்த்தாள்.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குக் காலையில் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே பாயில் புரண்டாள்.

“எத்தனை இருக்கு?”

மேலே கட்டிலிலிருந்து மாமாவின் குரல். மூக்கில் மாட்டிய குழாய்க்கு அடியிலிருந்து வருவதால் தகர டப்பாவுக்குள் பேசுவது போல் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து ராத்திரிக்கு ஐந்தாறு தடவை இதே கேள்வி.

“நாப்பது மாமா. ரெண்டு மணிக்கு ஏற ஆரம்பிச்சிரும். நீங்க தூங்குங்க.”

“தூங்கிட்டுதான் இருந்தேன். உன் போன் வெளிச்சம் போர்வைக்குள்ள விட்டு விட்டு எரியுது, மின்மினி மாதிரி. என்னடி, லவ்வா?”

“சும்னே இருங்க மாமா.”

“லவ்வுன்னா சொல்லிடு. எனக்குத்தான் வாய்க்கல. இவளைக் கட்டிக்கிட்டு அழுவறேன்.” மெஷினைக் கையால் தட்டினார். “ராத்திரி முழுக்கப் பொலம்புவா. நிறுத்தினா நான் போயிருவேன். எவன் பொண்டாட்டிக்கு இவ்ளோ பவரு?”

லீனா சிரிக்கப் போனாள். சிரிப்பு அழுகையாக வந்தது. போர்வையை வாயில் வைத்து அழுத்தினாள். மெஷின் ஐந்தாறு தடவை இழுத்து விட்டது. மாமா முப்பத்திரண்டு வருஷம் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் ரிசர்வேஷன் கவுன்டரில் இருந்தவர். ஜன்னலுக்கு வெளியே அழுகிறவர்கள் அழுது முடிக்கும் வரை பேனாவை மூடி வைத்துக் காத்திருக்கிற பழக்கம்.

“மாமா.”

“உம்.”

“பேட்டரி ஃபெயில் ஆகல.”

“பின்ன?”

எழுந்து உட்கார்ந்தாள். கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். “கரன்ட் புதன்கிழமை ராத்திரி போகும்னு நான் சொன்னேன் இல்ல. போனது செவ்வாய்க்கிழமை ராத்திரி. எல்லாரும் அவங்க ஒரு நாள் முன்னாடியே கட் பண்ணிட்டாங்கன்னு நினைச்சிட்டிருக்காங்க. அவங்க பண்ணல. மெசேஜ்ல சரியாத்தான் இருந்துச்சு.”

“என்ன போட்டிருந்தாங்க?”

“புதன், 00:00 முதல் 05:00 வரை.”

மாமா கண்ணை மூடினார். “அட.”

“நான் பன்னெண்டுன்னு படிச்சேன் மாமா.”

“சைபர் சைபர்னு படிக்கலியா?”

“இல்ல.”

“டேபிள்ல நான் இருந்திருந்தா, நீ சைபர்னு சொல்லியிருந்தா, கப்புனு பிடிச்சிருப்பேன்.” மூச்சுக்கு நின்றார். “ராத்திரி பன்னெண்டேகால் வண்டி ஒண்ணு இருந்துச்சுடி. டிக்கெட்ல பதினஞ்சாம் தேதின்னு இருக்கும். ஜனங்க பதினஞ்சாம் தேதி பகல் பூராப் பெட்டி கட்டி, புளிசோறு கட்டி, குழந்தைக்கு ஸ்வெட்டர் மாட்டி, ராத்திரி பதினொண்ணரைக்கு வந்து நிப்பாங்க. வண்டி முந்தின ராத்திரியே போயிருக்கும். நமக்குத் தூங்கி எழுந்தாத்தானே நாளு. மாசத்துக்கு ரெண்டு குடும்பமாவது வரும். ஒரு தடவை கல்யாணப் பார்ட்டி, நாப்பது பேரு. பொண்ணு வீடு.”

“என்ன செஞ்சீங்க?”

“என்ன செய்யறது. சிரிப்பேன். அவங்க போனப்புறம் உள்ளே டீ குடிக்கறப்ப சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.” குழாயைச் சரி செய்துகொண்டார். “அந்த வண்டியில கடைசியா நானே ஏறப் பாத்திருக்கேன்.”

அவர் கை கீழே வந்து அவள் தலையில் உட்கார்ந்தது. “தேதி தப்புறது யாருக்கும் வரும். இதுக்கா அழுவற?”

இந்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்று லீனாவுக்குத் தோன்றியது. தலைமேல் கை இருந்தது. அந்தக் கை போதும். நிறுத்தினால் இதுவே உண்மையாகி, அப்படியே இறுகிவிடும். அப்பா மெசேஜ் தப்பு என்று மன்னித்துவிடுவார். ஆனால் அந்த நாற்பது? நாற்பது ஏன் தாங்கவில்லை என்று அப்பா கேட்பார். சீனுவின் பேட்டரி மட்டம் என்ற பழி அப்படியே நிற்கும்.

“இன்னொண்ணு இருக்கு மாமா.”

கை தலைமேல்தான் இருந்தது.

“சீனுண்ணா நாப்பது வெச்சிருந்தாரு. உங்களுக்காக. நான் அதைப் பத்தாக்கிட்டேன்.”

“பத்து?”

“பத்து பர்சன்ட். எக்ஸிபிஷனுக்கு. சாயங்காலம் பத்து மணி வரைக்கும் பேட்டரியிலயே ஓடுச்சுன்னா ஆப்ல பச்சையா வரும். முப்பது நாள் பச்சையா இருக்கணும்னு...” சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக இருந்தது என்று அவளுக்கே கேட்டது. “அப்புறம் பதிவை அழிச்சிட்டேன். அதான் சீனுண்ணாவுக்கு ஒண்ணும் கிடைக்கல.”

“எத்தனை நாளு பத்து?”

“பன்னெண்டு.”

கை எடுக்கப்பட்டது. வேகமாக அல்ல. அவர் அதை மெதுவாகத் தூக்கி, தன் மார்புமேல், இன்னொரு கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“பன்னெண்டு நாளும் நான் இதுல தூங்கினேன்” என்றார்.

லீனா கட்டில் சட்டத்தை விடாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அன்னைக்கு நாப்பது இருந்திருந்தா?”

“பிரிட்ஜ், ஃபேன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு மெஷினை மட்டும் விட்டிருந்தா, அஞ்சு மணி வரைக்கும் வந்திருக்கும் மாமா. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன்.”

“எப்போ போட்ட?”

“அடுத்த நாளு.”

“அடுத்த நாளு” என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னார். மெஷின் இழுத்தது, விட்டது. வெளியே தெருவில் ஒரு நாய் எழுந்து உதறிக்கொள்ளும் சத்தம் கேட்டது. “லீனா, தேதியை மன்னிக்கலாம். அது தெரியாம வந்தது. இந்தப் பத்து இருக்கு பாரு, அது தெரியாம வரல. எனக்கு இப்போ... தண்ணி குடு.”

கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, மெஷினில் விளக்கு எரிகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். தன்னைப் போலவே அவரும் பயந்துகொண்டு கிடக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் தான் மட்டும் பயப்படுவதாக நினைத்திருந்தாள்.

“அப்பா போட்டோ எடுத்து வெச்சிருக்காரு” என்றாள். “கமிட்டில காட்டப் போறாரு. நாளைக்குக் காலைல அவர் எழுந்ததும் நான் சொல்லிடறேன். இல்லேன்னா நாளைக்குப் பூசைக்குப் போற வழியில...”

“நாளைக்கு ஏது?”

“ம்?”

“மணி என்ன?”

போனைப் பார்த்தாள். “ஒண்ணு அம்பத்தெட்டு.”

“பன்னெண்டு தாண்டி ரெண்டு மணி நேரம் ஆச்சு. நீ நாளைக்குன்னு சொல்ற நாளு வந்து உன் பக்கத்துல படுத்திருக்கு.” ரிசர்வேஷன் கவுன்டர்காரரின் குரல் அது, தேதியைத் தப்பாக எழுதிய படிவத்தை ஜன்னல் வழியாகத் திருப்பித் தள்ளுகிற குரல். அன்பும் இல்லை, கோபமும் இல்லை. “உங்கப்பன் ஏர்போர்ட்ல இருந்து நேரா கோயிலுக்குப் போவான். நீ எழுந்திருக்கறப்ப அவன் இருக்க மாட்டான்.”

கீழே ‘டக்’ என்றது. வண்டி நின்றது. பேட்டரி ஏறத் தொடங்கியது. நாற்பது, நாற்பத்தொன்று ஆவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று லீனாவுக்குத் தெரியும். அதைப் பார்க்காமல் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மூன்று ஐம்பதுக்கு கில்பர்ட் ஃபிளாஸ்கும் சாவியுமாகக் கீழே வந்தபோது, மாடிப்படியின் கடைசிப் படியில் மகள் உட்கார்ந்திருந்தாள். பேட்டரியின் பச்சை விளக்கு அவள் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது.

“என்னம்மா? மாமாவுக்கு என்ன?”

“மாமாவுக்கு ஒண்ணுமில்லப்பா. சீனுண்ணா பேட்டரியில தப்பு இல்ல.”

“காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா? அவன் போன் பண்ணானா உனக்கு?”

“இல்லப்பா. நாந்தான்.”

இந்த முறை பத்தை முதலில் சொன்னாள். பச்சையைச் சொன்னாள், பதிவை அழித்ததைச் சொன்னாள். தேதியைக் கடைசியில் சொன்னாள். கில்பர்ட் சார்ஜர் வயரை வண்டியிலிருந்து பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார். சுற்றி முடித்தும் சுற்றினார். பிறகு அதைக் கொக்கியில் மாட்டாமல் தரையில் வைத்துவிட்டு, வண்டியின் கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே விட்டபடி சீட்டில் உட்கார்ந்தார்.

“மாமாவுக்குத் தெரியுமா?”

“ராத்திரி சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“தண்ணி கேட்டாரு.”

கில்பர்ட் போனை எடுத்தார். அந்தப் போட்டோ இன்னும் மேலேயே இருந்தது: கறுப்பு மார்க்கர், *40-க்குக் கீழே போகாது.* அழிக்கப் போகிறவர் போலக் கட்டைவிரலை அதன் மேல் வைத்தார்.

“அழிக்காதீங்கப்பா” என்றாள் லீனா. “நான் ஒண்ணு அழிச்சது போதும்.”

விரல் நின்றது.

“நான் போன வாரம் கோயில் வாசல்ல எத்தனை பேர்கிட்ட சொன்னேன் தெரியுமாடி?” அவர் குரல் மிகவும் தணிந்திருந்தது. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அவன் பொண்டாட்டி கூட நின்னுட்டிருந்தா. அவ எதிர்லயே சொன்னேன்.”

“நான் வந்து சொல்றேன்பா. கமிட்டில.”

“நீதான் சொல்லணும். நான் சொன்னா, பொண்ணுக்காகப் பேசற மாதிரி ஆயிரும்.”

அதிகாலை வண்டி எடுக்கும் முன், தூங்குகிற லீனாவின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டுவிட்டுப் போவது கில்பர்ட்டின் வழக்கம். அவள் பாதித் தூக்கத்தில் அதை உணர்வாள். இன்றைக்கு விழித்து, எதிரில் நின்றாள். அவர் கை எழுந்தது. அவள் நெற்றிக்கு வராமல், கதவைப் பிடித்து மூடிக்கொண்டது. சத்தமே இல்லாமல் வண்டி சந்தில் இறங்கிப் போயிற்று.

பூசை முடிந்து ஹாலில் எட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்கள். சீனு உட்காரவில்லை. கதவோரம், ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அடி வாங்க வந்தவர் போல நின்றார். கமிட்டி செயலாளர் டிரேவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “கில்பர்ட், உம்ம பொண்ணு ஏதோ சொல்லணுங்கறீரு. சரி, சீக்கிரம் சொல்லட்டும், எனக்கு மட்டன் வாங்கப் போகணும்” என்றார். யாரோ சிரித்தார்கள்.

லீனா எழுந்தாள். முன்வரிசையில் அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு ராத்திரி...” என்று ஆரம்பித்தாள்.

“எந்த ராத்திரிம்மா? அதைத் தெளிவா சொல்லு” என்றார் டிரேவர்.

போனில் அந்த மெசேஜ் இன்னும் இருந்தது. அதை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி, எழுத்து எழுத்தாக, எப்படி இருந்ததோ அப்படியே படித்தாள்.

“புதன்கிழமை. சைபர் சைபர் மணி.”

பிறகு மீதியைச் சொன்னாள். முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. டிரேவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் பார்த்தார். “சீனு, நீ ஏம்பா ஒரு வார்த்தை சொல்லல?”

“எதை வெச்சு சார் சொல்றது?” என்றார் சீனு. “பதிவு இல்ல. சின்னப் பொண்ணு மேல பழி போட்டான்னு அதுக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிப்பேன்.”

ஹாஸ்டல் வேலை சீனுவுக்கே என்று முடிவானது. கில்பர்ட் எழுந்து போய் அவர் கையைப் பிடித்தார். சீனு பிடிக்க விட்டார், அவ்வளவுதான். வெளியே பைக்கருகில் லீனா போய் நின்றபோது, “பதினோரு நாளு பாப்பா” என்றார். “என் வீட்ல பதினோரு நாளா யாரும் சரியா சாப்பிடல.” கிக்கரை உதைத்துப் போனார்.

அன்று சாயங்காலம் கூப்பிடாமலே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நடு அறைக்குப் போய், “எப்டி இருக்கீங்க பெரியவரே?” என்று மாமாவிடம் கேட்டார். “இருக்கேன்பா. நாப்பதுல” என்றார் மாமா. பிறகு சீனு மாடிப்படிக்கு அடியில் குந்தி, பேட்டரியின் சின்னத் திரையை இயக்கினார். லீனா டார்ச் பிடித்தாள். அந்த எண்ணை இனி யாரும் மாற்ற முடியாதபடி பூட்டு எண் ஒன்று போடப் போவதாகச் சொன்னார்.

“நல்லதுண்ணா” என்றாள்.

திரைமேல் விரலை வைத்தவர் நிறுத்தினார். அவளைப் பார்க்காமலே சொன்னார்.

“கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு பாப்பா.”

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. டார்ச்சைக் கையை நீட்டிப் பின்னால் பிடித்தபடி, முகத்தை நடு அறைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எதிரே, திறந்திருந்த கதவு வழியாக, மாமாவின் கால்களும் மெஷினும் தெரிந்தன. அது இழுத்தது, விட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் நாலு தடவை பீப் என்றது. எந்த எண்ணாக இருக்கும் என்று யோசிக்காமல் இருக்க, மாமாவின் மூச்சை எண்ணிக்கொண்டு நின்றாள்.